நீள்வட்டப் பந்தும் நாங்களும் - உலகக் கிண்ணத்துக்கு முன் கொஞ்சம் பழங்கதை

2027 ஒக்ரோபர் 1ஆம் திகதி அவுஸ்திரேலியாவில் ஆண்களுக்கான றக்பி உலகக் கிண்ணம் தொடங்குகிறது. நவம்பர் 13 இறுதியாட்டம். 1999 முதல் 20 நாடுகள் ஆடிவந்த போட்டியில் இந்தத் தடவை 24 நாடுகள். கனடாவும் உண்டு. ஆனால் மொன்றியலில் எங்கட சனம் கூடுகிற எந்த இடத்திலும் இதைப்பற்றி ஒரு சொல் காதில் விழாது. கிரிக்கெட் என்றால் மூன்று பேர் சேர்ந்தால் நாலு கட்சி. ஹொக்கி என்றால் பனிக்காலம் முழுக்கக் கனேடியன்ஸ் புராணம். றக்பி என்று வாயெடுத்தால், "அந்த முட்டைப் பந்தை வைச்சுக்கொண்டு அடிபடுறதோ?" என்று ஒரு கேள்வி. அத்தோடு கதை முடிந்தது.

நான் டோர்வலில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை செய்கிறேன். விமான நிலையம் பக்கத்தில். (2004இல் அதற்கு ட்ரூடோவின் பெயரை வைத்தார்கள். சனம் இன்னமும் டோர்வல் எயார்போர்ட் என்றுதான் சொல்கிறது.) இந்தத் தீவின் மேற்குப் பக்கம் ஆங்கிலம் பேசும் சனம் கூட. செப்ரெம்பர், ஒக்ரோபர் சனிக்கிழமைகளில் சென் ஆன் டி பெல்வியூ பக்கம் மச் முடித்துக்கொண்டு பெடியளும் பெட்டையளும் கூட்டமாக வருவார்கள். முழங்காலில் சேறு, காதில் பிளாஸ்ரர், ஒரு ஆளுக்கு இரண்டு ஆளின் சாப்பாடு. அவர்களுக்குக் கோழி பொரித்துக் கொடுத்துக் கொடுத்தே இந்த விளையாட்டின் மேல் எனக்கு இருந்த பழைய ஆசை திரும்பி வந்தது என்று சொல்லலாம். ஆசை பழையது. அது பேராதனைக் காலத்து ஆசை. அதற்குப் பிறகு வருகிறேன்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு பக்கம் 15 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம், ஆனால் கையால் முன்னுக்கு எறியக்கூடாது. பின்னுக்கோ பக்கவாட்டிலோதான் கொடுக்க வேண்டும். எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. பிறகு உதைத்துக் கம்பத்துக்கு மேலால் அனுப்பினால் இன்னும் 2. பெனால்டி உதைத்தால் 3. எனக்கு இதைப் பார்த்தவுடனே ஞாபகம் வந்தது கிளித்தட்டும் சடுகுடுவும்தான். ஆளைப் பிடிக்கிறது, மறிக்கிறது, கோட்டைத் தாண்டுகிறது. எங்கட விளையாட்டில் ஒரு பந்தைச் சேர்த்து, சேற்றையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இதுதான். ஆனபடியால் "இது வெள்ளைக்காரன்ர விளையாட்டு, எங்களுக்குச் சரிவராது" என்ற கதையை நான் நம்புவதில்லை.

வெள்ளைக்காரனின் விளையாட்டு என்பது மட்டும் உண்மை. அது எங்கட பக்கம் வந்த விதம் சுவாரசியமானது.

1872 நத்தார் தினத்தன்று கல்கத்தாவில் இங்கிலாந்துக்காரர் ஒரு பக்கம், ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர் மறுபக்கமாக ஆடினார்கள். ஒரு பக்கத்துக்கு 20 பேர். அடுத்த மாதமே கல்கத்தா புட்போல் கிளப் என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆனால் அது நீடிக்கவில்லை. வெயில், பட்டாளம் இடம் மாறுவது, போலோ, ரெனிஸ் என்று பல காரணம். கிளப்பில் இலவசமாகக் கொடுத்த குடியை நிற்பாட்டியதும் ஆட்கள் குறைந்தார்கள் என்றும் ஒரு கதை. (இதை வாசித்தபோது எங்கட சில சங்கங்களின் ஞாபகம் வந்தது. பெயர் சொல்ல மாட்டேன் :-) ) கடைசியில் வங்கியில் மிஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, மூன்று நாகபாம்புகள் கைபிடியாகவும் மூடியில் யானையாகவும் ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். 1879 மார்ச்சில் அந்தக் கிண்ணத்துக்காக இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் முதன்முதலில் ஆடின. இன்றைக்கும் அவர்கள் வருடாவருடம் அடிபடுவது அந்தக் கல்கத்தாக் கிண்ணத்துக்குத்தான். 1988இல் இரண்டு வீரர்கள் வெறியில் அதை எடின்பரோ தெருவில் உதைத்து விளையாடி நெளித்ததும் உண்டு. இந்திய நாட்டு வெள்ளி, இந்திய நாட்டு யானை, ஆனால் ஆட்டத்தில் இந்தியன் இல்லை.

இந்த 1879 என்ற வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே வருடம்தான் கொழும்பு புட்போல் கிளப் தொடங்கி இலங்கையில் றக்பி ஒழுங்காக ஆடப்படத் தொடங்கியது. அதே வருடம் மே 14ஆம் திகதி, அதே கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட லியோனிடாஸ் என்ற கப்பல், ஒப்பந்தக் கூலிகளாகப் பிடிக்கப்பட்ட இந்தியர்களை முதல் தடவையாகப் பிஜித் தீவில் கொண்டுபோய் இறக்கியது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அப்படித்தான் பிஜிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு துறைமுகத்தால் வெள்ளிக்கிண்ணம் ஒரு பக்கம் போகிறது, கரும்பு வெட்ட ஆட்கள் இன்னொரு பக்கம் போகிறார்கள். சரித்திரப் புத்தகங்களில் இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதில்லை.

பிஜியை ஏன் இழுக்கிறேன் என்றால், 2027 உலகக் கிண்ணத்தில் கனடா இருக்கும் பிரிவில் பிஜியும் இருக்கிறது. ஆர்ஜென்ரீனா, பிஜி, ஸ்பெயின், கனடா. 2025 டிசெம்பர் 3ஆம் திகதி சிட்னியில் சீட்டுக் குலுக்கினார்கள்.

பிஜிக்குப் போன எங்கட ஆட்களின் வாரிசுகள் உதைபந்தில் பேர் எடுத்தார்கள். றக்பி பெரும்பாலும் சுதேச பிஜியரின் விளையாட்டாகவே இருந்துவிட்டது. அது ஏதோ உடல்வாகு விஷயம் என்று சொல்லுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கூலிக்குப் போனவன் தோட்டத்து லைனில் தனியாக வைக்கப்பட்டான், கிராமத்தவன் கிராமத்தில் தனியாக வைக்கப்பட்டான், பள்ளிக்கூடம் தனி, மைதானம் தனி. பிறகு விளையாட்டும் தனி. ஒரு நாட்டின் தேசிய அணியைப் பார்த்தால் அந்த நாட்டில் யார் யாரோடு சேர்ந்து வளர்ந்தார்கள் என்று தெரியும்.

முதலாவது றக்பி உலகக் கிண்ணம் 1987 மே 22 தொடங்கி யூன் 20 வரை நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்தது. அதற்கு எட்டு நாள் முதல், மே 14, பிஜியில் ரம்புக்கா என்ற இராணுவ அதிகாரி துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் ஆட்களை அனுப்பி ஆட்சியைக் கவிழ்த்தார். இந்திய வம்சாவளியினர் அதிகம் ஆதரித்த அரசு அது. திகதியைப் பாருங்கள். லியோனிடாஸ் வந்த அதே மே 14, சரியாக 108 வருடம் கழித்து. பத்து நாளில் பிஜி அணி களத்தில் இறங்கியது, காலிறுதி வரை போனது, பிரான்சிடம் தோற்றது. உலகம் கைதட்டியது. அந்த நேரம் ஆயிரக்கணக்கான பிஜி இந்தியர்கள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் பலர் எங்களைப் போல கனடாவுக்கு வந்தவர்கள், வன்கூவர் பக்கம். ரம்புக்கா பிறகு தேர்தலில் நின்று பிரதமரானார், 2023 மே மாதம் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். முப்பத்தாறு வருடம் எடுத்தது. எங்களிடம் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை, அது வேறு கதை.

அந்த உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்த நாட்களில் நான் வடமராட்சியில் ஏழு வயதுப் பெடியன். மே 26 'ஒப்பரேசன் லிபரேசன்' தொடங்கியது. செல்லடியும் பொம்மரும். கோயிலுக்குள் சனம், பள்ளிக்கூடத்துக்குள் சனம். யூன் 4 இந்திய விமானங்கள் பருப்பும் அரிசியும் போட்டன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப்பற்றி இன்றைக்கும் சிரித்தும் அழுதும் கதைப்பார்கள். அப்போது பூமியின் மறுபக்கத்தில் ஒரு விளையாட்டுக்கு முதல் உலகக் கிண்ணம் நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தெரிந்தது உதைபந்து, கிரிக்கெட், கரப்பந்து. சென்றல் - சென் ஜோன்ஸ் பிக் மச் நடந்தால் ஊரே அதைத்தான் கதைக்கும். நீள்வட்டப் பந்தைப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

இலங்கையில் றக்பி கொழும்பு, கண்டி, தேயிலைத் தோட்டம் என்ற மூன்று இடத்து விளையாட்டு. கண்டி கிங்ஸ்வுட் கல்லூரியில் 1891இல் தொடங்கி, 1906இல் கிங்ஸ்வுட்டும் திரினிற்றியும் முதல் பாடசாலை ஆட்டம் ஆடின. கொழும்பு றோயலும் கண்டி திரினிற்றியும் ஆடும் பிரட்பி கேடயம் 1945இல் தொடங்கியது. இன்றைக்கும் அந்த ஆட்டத்துக்கு வரும் சனம் தேசிய அணியின் ஆட்டத்துக்கு வராது. மலையில் துரைமார் டிக்கோயா, டிம்புல, ஊவா என்று ஆளுக்கொரு கிளப் வைத்து ஆடினார்கள். மலையைச் சுற்றி நடந்து வந்து சனிக்கிழமை ஆடிவிட்டு, குடித்துவிட்டு, ஞாயிறு திரும்புவார்கள். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். மலைச்சரிவில் ஒரு தட்டையான மைதானம் தானாக முளைப்பதில்லை. அதை வெட்டிச் சமப்படுத்திய கைகள் எந்தக் கிளப்பின் பெயர்ப் பலகையிலும் இல்லை. 1948இல் குடியுரிமையும் பறித்தார்கள்.

உள்ளூர்க்காரருக்காக 1922இல் சிலோனீஸ் கிளப், அதாவது இப்போதைய சி.ஆர். அன்ட் எப்.சி., தொடங்கியது. அதற்கு முதலே, 1908இல், இலங்கை றக்பிச் சங்கம் அமைந்துவிட்டது. ஆசியாவிலேயே பழைய சங்கங்களில் ஒன்று. 1950இல் பிரித்தானிய லயன்ஸ் அணி நியூசிலாந்து, அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணம் முடித்துக் கப்பலில் திரும்பும்போது கொழும்பில் இறங்கி ஒரு ஆட்டம் ஆடியது. 44-6 என்று லயன்ஸ் வென்றது. அந்த இலங்கை அணியில் ஒரு தமிழர் ஆடினார், சும்மா நவரட்ணம். ஓட்டத்தில் ஆசியாவிலேயே பேர் பெற்றவர், பிறகு பயிற்சியாளராகவும் இருந்தவர். பெயர் என்னவோ சும்மா, ஆனால் மனிதர் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. எங்கட பிள்ளைகளுக்கு முரளியைத் தெரியும், இவரைத் தெரியாது. றோயல் போன்ற பள்ளிக்கூடத்தில் படித்த தமிழனுக்கு இந்த விளையாட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, பருத்தித்துறையில் படித்தவனுக்கு இருக்கவில்லை. சிங்களக் கிராமத்தில் படித்தவனுக்கும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். இன விஷயம் பாதி, காசு விஷயம் பாதி.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நான் போனது சமாதான காலம் தொடங்குகிற நேரம். (பட்டம் எடுக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்த கதையை முன்பே எழுதிவிட்டேன்.) அங்கே ஹற்றன் பக்கத்து நண்பன் ஒருவன் என்னை நித்தவெல மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண்டி அணி அந்த நாட்களில் அசைக்க முடியாத அணி. எதிரணி இராணுவம். இலங்கையில் இராணுவம், பொலிஸ், கடற்படை, விமானப்படை எல்லாவற்றுக்கும் லீக்கில் ஆடும் றக்பி அணி உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை ஆமிக்காரனை நான் சென்றிப்பொயின்றிலும் ட்ரக்கிலும்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அவன் அரைக்காற்சட்டையோடு சேற்றில் விழுந்து கிடக்கிறான், மேலே நாலு பேர் கிடக்கிறார்கள், அவன் எழும்பி மூக்கைத் துடைத்துவிட்டு அடித்தவனுக்கே கை கொடுக்கிறான். பக்கத்தில் இருந்த சிங்களச் சனம் எல்லாம் கண்டிக்காகக் கத்தி, ஆமியை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தது. அப்படி ஏசுவதற்கு அவர்களுக்கு ஒரு பயமும் இல்லை. நானும் சேர்ந்து கத்தினேன். இராணுவத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியும் ஒன்றும் நடக்காத ஒரே இடம் என் வாழ்க்கையில் அதுதான். றக்பி பிடித்துப் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆனால் இலங்கைத் தேசிய அணி ஆடும்போது என்ன செய்கிறது? இது கிரிக்கெட்டில் எல்லாரும் அடிபடும் கேள்வி. 1996இல் கிண்ணம் வென்றபோது வெடி கொளுத்தியவர்களும் எங்களில் உண்டு, ரேடியோவை நிற்பாட்டியவர்களும் உண்டு. இதற்குத் தென்னாபிரிக்காவைப் பார்க்க வேணும். நிறவெறிக் காலத்தில் ரொபன் தீவுச் சிறையில் இருந்த கறுப்பினக் கைதிகள் தங்கள் நாட்டு அணி தோற்க வேண்டும் என்றே கத்துவார்களாம். எந்த நாடு வந்து ஆடினாலும் அந்த நாட்டின் பக்கம். நிறவெறிக்காக அந்த அணியை 1987, 1991 இரண்டு உலகக் கிண்ணத்திலும் சேர்க்கவில்லை. பிறகு 1995 யூன் 24, மண்டேலா அதே அணியின் பச்சைச் சட்டையை, தலைவர் பியனாரின் 6ஆம் இலக்கத்தோடு, போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். அணியில் வெள்ளையரல்லாத வீரர் செஸ்ரர் வில்லியம்ஸ் ஒருவர் மட்டும். நியூசிலாந்தை 15-12 என்று வென்றார்கள்.

அந்தப் படத்தைக் காட்டி எங்களுக்குப் புத்தி சொல்லுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மண்டேலா சட்டை போட்டது வாக்குரிமை கிடைத்த பிறகு, தானே ஜனாதிபதியான பிறகு. சட்டை போட்டதால் உரிமை கிடைக்கவில்லை. சியா கொலிசி என்ற கறுப்பினத் தலைவர் கிண்ணத்தைத் தூக்க 2019 வரை செல்ல வேண்டியிருந்தது. 2023இலும் அவரே தூக்கினார். வரிசை முக்கியம். முதலில் நியாயம், பிறகு கைதட்டல்.

இலங்கை அணி இதுவரை ஒரு உலகக் கிண்ணத்துக்கும் போனதில்லை. 2023இல் அரசியல் தலையீடு என்று சொல்லி உலக றக்பிச் சங்கம் இலங்கையை இடைநிறுத்தியது. விளையாட்டு அமைச்சர் தானே ஒரு குழுவை வைத்து சங்கத்தை நடத்தப் பார்த்ததால் வந்த வினை. பிறகு தடை நீங்கி 2025இல் ஆசியாவின் மேல்பிரிவில் ஆடினார்கள். ஹொங்கொங் தென்கொரியாவை 70-22 என்று வென்று முதல் தடவையாக உலகக் கிண்ணத்துக்குப் போகிறது. சிறந்த பாடசாலை றக்பி உள்ள நாடு, பாடசாலையோடு நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதில் வீரன், இருபத்தைந்தில் வங்கி உத்தியோகத்தன். வடக்கையும் கிழக்கையும் மலையகத்தையும் வெளியே விட்டுவிட்டு ஆள் இல்லை என்று சொன்னால் எப்படி?

இனி நாங்கள் இருக்கும் ஊர். வட அமெரிக்காவுக்கு றக்பி மொன்றியலால்தான் போனது என்றால் நம்புவீர்களா? 1865இல் இங்கே நின்ற பிரித்தானியப் பட்டாளத்து அதிகாரிகளும் மக்கில் மாணவர்களும் ஆடினார்கள். 1874 மே மாதம் மக்கில் மாணவர்கள் ஹாவர்ட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆடினார்கள். முதல் நாள் ஹாவர்ட்டின் சொந்த விதிப்படி, ஹாவர்ட் வென்றது. இரண்டாம் நாள் மக்கில் கொண்டுபோன றக்பி விதி, நீள்வட்டப் பந்து. ஒருவருக்கும் புள்ளி இல்லை. ஆனால் ஹாவர்ட் பெடியளுக்கு அந்தப் பந்து பிடித்துப்போனது. அவர்கள் அதை வைத்துத் திருத்தித் திருத்தி அமெரிக்கன் புட்போல் ஆக்கினார்கள். இங்கேயும் அதே கதி. கனேடியன் புட்போலின் கிரே கிண்ணம் 1909இல் கொடுக்கப்பட்டபோது கனடாவின் 'றக்பி புட்போல்' வாகையர் கிண்ணம் என்றுதான் கொடுத்தார்கள். பெயரை மற்ற விளையாட்டுக் கொண்டுபோய்விட்டது, உண்மையான றக்பி வன்கூவர் மூலையில் ஒதுங்கியது. அதனால்தான் கனேடிய ஆண்கள் அணியில் பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர் நிறைய.

அந்த ஆண்கள் அணி ஒரு காலம் நல்ல அணி. 1991இல் பிஜியை 13-3, ருமேனியாவை 19-11 என்று வென்று, பிரான்சிடம் 19-13 என்று மட்டும் தோற்று, காலிறுதியில் நியூசிலாந்தோடு 29-13 வரை நின்றார்கள். பிறகு படிப்படியாக இறக்கம். மற்ற நாடுகள் எல்லாம் சம்பளத்துக்கு ஆடத் தொடங்க, கனடா பகுதிநேரத்திலேயே நின்றுவிட்டது. 2019இல் யப்பானில் நமீபியாவோடு ஆட இருந்த ஆட்டம் ஹகிபிஸ் சூறாவளியால் இரத்தானபோது, கனேடிய வீரர்கள் கமாயிஷி நகரத் தெருவில் சவளெடுத்துச் சேறு அள்ளினார்கள். அந்தப் படத்தை நான் வைத்திருக்கிறேன். வெற்றிகளைவிட எனக்குப் பிடித்தது அது. 2021இல் சிலியிடம் தோற்று, 2023 உலகக் கிண்ணத்துக்குப் போக முடியாமல் போனது. வரலாற்றில் முதல் தடவை. 2025 ஓகஸ்டில் கல்கரியில் அமெரிக்காவை 34-20 என்று வென்று, அந்தப் பசிபிக் கிண்ணத்தின் மூலம் திரும்பவும் உள்ளே வந்திருக்கிறார்கள்.

பெண்கள் அணியின் கதை வேறு. 1987இல் கனடாவின் ஆண்கள் அணித் தலைவர் ஹான்ஸ் டி கூட். அதே வருடம் தொடங்கிய கனேடியப் பெண்கள் அணியின் முதல் தலைவி ஸ்ரெபனி வைற். இருவரின் மகள் சோபி டி கூட் 2025இல் உலகின் சிறந்த வீராங்கனை. அந்த வருட உலகக் கிண்ணத்தில் பிஜி, வேல்ஸ், ஸ்கொட்லாந்து, அவுஸ்திரேலியா என்று எல்லாரையும் அடித்து, அரையிறுதியில் ஆறு தடவை வாகை சூடிய நியூசிலாந்தை 34-19 என்று வீழ்த்தினார்கள். செப்ரெம்பர் 27 ருவிக்கனத்தில் 81,885 பேர் முன்னால் இங்கிலாந்திடம் 33-13 என்று தோற்றார்கள். இங்கிலாந்து வீராங்கனைகள் முழுநேரச் சம்பளக்காரர். எங்களவர்கள் போவதற்கு முதல் பத்து இலட்சம் டொலர் சேர்க்க வேண்டும் என்று பொதுமக்களிடம் உண்டியல் குலுக்கினார்கள். ஊர்ச் சங்கத்துக்குக் கொத்துரொட்டி விற்றுக் காசு சேர்க்கும் எங்களுக்கு இது நல்லாய் விளங்கும். பயிற்சியாளர் கெவின் ரூவே பிரான்சில் இருந்து வந்து லவால் பல்கலைக்கழக அணியைப் பழக்கியவர். அணியின் ஜஸ்ரின் பெல்ரியே ரிவியேர் டு லூப் ஊர்க்காரி. கியூபெக்கில் சேஷெப், பல்கலைக்கழகம் என்று பெண்களுக்கு ஒரு ஏணி இருக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு இல்லாத ஏணி.

இதில் எனக்கும் சொந்த விஷயம் ஒன்று உண்டு. என் மகளுக்குப் பதினைந்து வயது, பள்ளிக்கூட றக்பி அணியில் ஆடுகிறாள். மனைவிக்கு விருப்பமில்லை. "பெட்டைப்பிள்ளை, காலை கையை முறிச்சுக்கொண்டு வந்தால்?" என்பது அவளின் கேள்வி. எனக்குப் பயம் காலில் இல்லை, தலையில். 2013இல் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ரிங்கர் என்ற பதினேழு வயதுப் பிள்ளை, பள்ளிக்கூட றக்பி அணித் தலைவி, சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு இறந்தது. தலை இடிக்கிறது என்று பெரியவர்களிடம் சொல்லாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஒன்ராரியோ 2018இல் ரோவன் சட்டம் கொண்டுவந்தது. அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் சொல்லாமல் திரும்ப ஆடக்கூடாது. நாங்கள் இருப்பது கியூபெக்கில். ஆனாலும் அந்தச் சட்டத்தில் இருப்பதை வீட்டுச் சட்டமாக வைத்திருக்கிறேன். "தலை இடிச்சால் அப்பாவிட்ட சொல்லவேணும், கோச்சிட்ட சொல்லாட்டிலும் பரவாயில்லை" என்று மகளிடம் சத்தியம் வாங்கித்தான் கையெழுத்துப் போட்டேன். மனைவி இன்னும் ஆட்டம் பார்க்க வருவதில்லை. மகள் கனடாச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். எந்த அணியின் பக்கம் நிற்கிறது என்ற எங்களுடைய நாற்பது வருடக் குழப்பம் அவளுக்கு இல்லை.

சரி, 2027க்கு வருவோம். பத்து உலகக் கிண்ணத்தில் வென்றவை நாலே நாலு நாடு: தென்னாபிரிக்கா நாலு, நியூசிலாந்து மூன்று, அவுஸ்திரேலியா இரண்டு, இங்கிலாந்து ஒன்று. ஐந்தாவது நாடு ஒன்று வரும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்கள். மூன்று இறுதியாட்டத்தில் தோற்ற பிரான்ஸ் வந்தால் எனக்குச் சந்தோஷம். அயர்லாந்தை நம்பிக் காசு கட்டாதீர்கள், காலிறுதியைத் தாண்டியதே இல்லை. தென்னாபிரிக்கா 2023 காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் ஒரு புள்ளி ஒரு புள்ளியால் வென்ற அணி. அப்படிப்பட்ட அணியை ஆட்டம் முடியும் வரை கணக்கில் இருந்து எடுக்கக்கூடாது. என் வோட்டு அவர்களுக்குத்தான்.

கனடாவின் பிரிவில் ஆர்ஜென்ரீனா முதல் இடம், அதில் வாதம் இல்லை. பிஜி 2023இல் அவுஸ்திரேலியாவை 22-15 என்று வென்ற அணி, 1991இல் பயோனில் கனடாவிடம் தோற்ற பிஜி இல்லை. ஆறு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளும், மூன்றாம் இடத்தில் வருபவற்றில் நாலு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகும். ஆகக் கனடாவின் உலகக் கிண்ணம் ஸ்பெயினோடு ஆடும் ஒரு ஆட்டம்தான். ஸ்பெயின் 1999க்குப் பிறகு இப்போதுதான் வருகிறது. இடையில் இரண்டு தடவை, தகுதியில்லாத வீரரை ஆடவிட்டதாக வெளியே தள்ளப்பட்ட நாடு. அவர்களுக்கும் வெறி இருக்கும். ஐந்து, ஆறு புள்ளி வித்தியாசத்தில் கனடா வெல்லும் என்று சொல்லுகிறேன். சிட்னியில் இரவு எட்டு மணி என்றால் எங்களுக்கு விடிய ஐந்து மணி. குசினி கழுவிப் பூட்டி, பஸ் பிடித்து வீட்டை வர எனக்கு எப்படியும் இரண்டு மணியாகும். மகள் எழும்பும் வரை முழித்திருக்கலாம்.